அறுந்த நரம்புக்குக் குழாய் வைத்தால் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. காங்கேயம் அருகே தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறார். ஐந்து மாதங்களுக்கு முன் தேங்காய் உடைக்கும்போது அரிவாள் தவறி, இடது முன்கையில் மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே ஆழமாக வெட்டிவிட்டது. அன்றே "நரம்பைத் தைத்துவிட்டோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் சுண்டு விரல் இன்னும் மரத்தே இருக்கிறது. பிடியில் பலம் இல்லை. இப்போது பார்க்கும் மருத்துவர், ஸ்கேனில் நரம்பு இரண்டரை சென்டிமீட்டர் விலகியிருப்பதாகவும், காலில் இருந்து நரம்பு எடுத்து வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார். காலைத் தொடாமல் குழாய் வைத்தே நரம்பை வளர்க்கலாம் என்று கொழுந்தனார் படித்துச் சொல்கிறார். அதற்காகக் காத்திருக்கலாமா?

பதில்: "நரம்பைத் தைத்துவிட்டோம்" என்ற அந்தச் சொற்களில் இருந்தே தொடங்குகிறேன். நம் பேச்சில் இரத்தக்குழாய், விரலை மடக்கும் தசைநாண், மூளையின் கட்டளையைக் கொண்டுசெல்லும் நரம்பு ஆகிய மூன்றுக்குமே "நரம்பு" என்றுதான் பெயர். உங்கள் கணவருக்கு அன்று தைக்கப்பட்டது தசைநாணாக இருந்திருக்கலாம். இப்போது விலகியிருப்பது, நீங்கள் சொல்லும் அறிகுறிகளின்படி, அல்நார் நரம்பு. முழங்கையின் உட்புறம் எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை சுரீரென்று பாய்கிறதே, அதே நரம்பு. ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் மறுமுனையை இழுத்துப் பாருங்கள். வலது கை நேராகப் பிடிக்கும். இடது கையில் கட்டைவிரலின் நுனிக் கணு மடங்கிக்கொள்ளும். அந்த இரு விரல்களுக்கும் நடுவே உள்ள சதை வற்றிக் குழி விழத் தொடங்கியிருப்பதும் அப்போது தெரியலாம்.

வெட்டுக்குக் கீழே உள்ள நரம்பிழைகள் சிதைந்துபோகும் என்பதை 1850-இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை ஆராய்ந்து காட்டினார். இழைகள் போனாலும், அவற்றைப் போர்த்தியிருந்த உறையும் அதில் வாழும் ஷ்வான் செல்களும் எஞ்சி, புதிய இழைக்கு வழிகாட்டக் காத்திருக்கின்றன. மேல்முனையில் இருந்து துளிர்க்கும் இழை நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும். இடையில் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லையென்றால், பந்தலில் கயிறு கட்டிவிடாத பீர்க்கங்கொடி தரையிலேயே சுருண்டுகொள்வதைப் போல, அதுவும் வெட்டிய இடத்திலேயே சுருண்டு, தொட்டால் சுள்ளென்று வலிக்கும் முடிச்சாகிவிடும்.

கொழுந்தனார் படித்த குழாய் அந்தப் பந்தல் கயிற்றின் வேலையைச் செய்வதுதான். கொலாஜன், பாலிகிளைகாலிக் அமிலம், இறால் மற்றும் நண்டு ஓட்டில் இருந்து பெறும் கைட்டோசான் போன்ற, உடல் ஏற்றுக்கொண்டு பிறகு மெல்லக் கரைத்துவிடும் பொருட்களால் அது செய்யப்படுகிறது. முன்பு சிலிக்கான் குழாய்களைப் பயன்படுத்தியபோது, அவை கரையாமல் நரம்பை நெருக்கியதால் சிலருக்கு மறுபடியும் திறந்து எடுக்க வேண்டியிருந்தது. நரம்பின் இரு முனைகளையும் குழாய்க்குள் செருகித் தைத்தவுடன், முனைகளில் இருந்து கசியும் நீர் உள்ளே நிரம்புகிறது. அதில் ஃபைப்ரின் என்ற புரதம் மெல்லிய வடமாகத் திரள்கிறது. அதைப் பற்றிக்கொண்டு இரு பக்கத்தில் இருந்தும் ஷ்வான் செல்களும் நுண்ணிய இரத்தக்குழாய்களும் ஊர்ந்து வந்த பிறகே நரம்பிழை அவ்வழியே நடக்கிறது. இடைவெளி கூடக்கூட அந்த வடம் நடுவில் மெலிந்து, அறுந்தே போகலாம். அதனால்தான் வெற்றுக் குழாய்கள் பொதுவாக மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட இடைவெளிகளுக்கு என்று வரையறுக்கப்படுகின்றன. அவற்றின் நல்ல பலனும் விரல்களில் உள்ள சிறிய உணர்ச்சி நரம்புகளில்தான் அதிகம் காணப்பட்டிருக்கிறது. குழாய்க்குள் நுண்ணிழைகளை நெடுக அடுக்குவது, வளர்ச்சிப் புரதங்களைச் சேர்ப்பது, ஷ்வான் செல்களையே விதைத்து வைப்பது என ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன. எனக்கும் அவற்றில் நம்பிக்கை உண்டு. ஆனால் உங்கள் கணவரின் கை அவற்றுக்காகக் காத்திருக்க முடியாது.

காரணம் எளிய கணக்கு. வெட்டுப்பட்ட இடத்தில் இருந்து உள்ளங்கையின் சிறு தசைகள் வரை, இடைவெளியையும் சேர்த்து, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இழை போய்ச் சேர 150 நாட்கள் வேண்டும். துளிர்க்கவும் தையலைக் கடக்கவும் இன்னும் ஒரு மாதம். ஏற்கெனவே ஐந்து மாதங்கள் கழிந்துவிட்டன. இன்றே அறுவை நடந்தாலும் காயம்பட்டதில் இருந்து பதினொரு மாதம் ஆகிவிடும். நரம்பில்லாத தசை 12 முதல் 18 மாதங்களுக்குள் நரம்பை ஏற்கும் திறனைப் பெருமளவு இழந்துவிடும்.

அல்நார் போன்ற, உணர்ச்சியும் அசைவும் கலந்த பெரிய நரம்பில் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி என்றால், உங்கள் மருத்துவர் சொன்னபடி காலில் இருந்து எடுக்கும் சூரல் நரம்பையே நானும் தேர்ந்தெடுப்பேன். அதில் பாதையும் ஷ்வான் செல்களும் ஆயத்தமாகவே இருக்கின்றன. சூரல் உணர்ச்சி நரம்பு மட்டுமே என்பதால் நடையில் பலக்குறைவு வராது. பாதத்தின் வெளி ஓரம் மரத்திருக்கும், நாளாக ஆக அந்தப் பரப்பு பலருக்குச் சுருங்கும். எடுத்த இடத்தில் சிலருக்கு வலி நீடிப்பதும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அறுவைக்குப் பிறகு, அல்நார் நரம்பு ஓடும் வழியிலேயே விரலால் தட்டிப் பார்த்து, சுண்டு விரலில் கூச்சம் பாயும் இடம் மாதாமாதம் கீழே இறங்குகிறதா என்று மருத்துவர் அளப்பார். 1915-இல் டினெல் விவரித்த இந்தச் சோதனைக்கு இன்றும் விரல் நுனியே கருவி. உணர்ச்சி ஓரளவு திரும்பும் என்று எதிர்பார்க்கலாம். பிடியின் பலம் முழுவதும் மீளும் என்று என்னால் உறுதி கூற முடியாது.

அதுவரை "நரம்பு ஊசி" என்று போடப்படும் வைட்டமின் ஊசிகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பி12 குறைபாடு இருந்தாலொழிய அவற்றால் பயனில்லை, அறுந்த நரம்பை எந்த ஊசியும் ஒட்டாது. எண்ணெய் நீவுவது தழும்பை இளக்கும், அவ்வளவுதான். மடங்கி நிற்கும் விரல்களை வலது கையால் மெல்ல நிமிர்த்தி, மூட்டு இறுகாமல் தினமும் பலமுறை அசைக்க வேண்டும். பீடி பிடிப்பவராக இருந்தால் அதை இப்போதே நிறுத்த வேண்டும்; சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். களத்தில் ஈ.எஸ்.ஐ. பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று: மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. டீ டம்ளரை அவர் இடது கையில் வாங்கினால், வலது கைக்கு மாற்றிக் கொடுங்கள்.