நீலம் ஏன் கழுவிப் போனது? கைவேலைக் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "படத்தில் பார்த்தபடியேதான் செய்தேன், வரவில்லை." படம் முடிந்த பொருளை மட்டும்தான் காட்டும், அதற்கு முன் குப்பைக்குப் போன நான்கைக் காட்டாது. ஆகவே எங்கே பிசகுகிறது என்பதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சயனோடைப் முறையில் இலைகளைத் தாளில் அச்சிட்டேன். வெயிலில் இருந்து எடுத்தபோது நல்ல நீலம். தண்ணீரில் அலசியதும் எல்லாம் ஓடிவிட்டது. ரசாயனம் கெட்டுவிட்டதா?

பதில்: ரசாயனத்தின் மேல் பழி போடாதீர்கள், பெரும்பாலும் வெயில்தான் போதாமல் இருந்திருக்கும். நீங்கள் பூசியது இரண்டு உப்புகளின் கலவை: ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு. புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இவை வினைபுரிந்து, தண்ணீரில் கரையாத பிரஷ்ய நீலமாக மாறுகின்றன. கதிர் போதாத இடத்தில் உப்பு உப்பாகவே கிடக்கும், அலசினால் போய்விடும். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை இது. மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி அச்சிட்டு நூலாக வெளியிடத் தொடங்கினார். அன்றைக்கும் இன்றைக்கும் ரசாயனம் ஒன்றுதான்.

தாளின் நிறத்தைக் கவனியுங்கள். முதலில் மஞ்சள் கலந்த பச்சை, பிறகு நீலம், அதற்கும் பிறகு சாம்பல் பூத்தது போன்ற மங்கல். நீலத்தைக் கண்டதும் எடுத்துவிடுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அந்தச் சாம்பல் வரும்வரை விடுங்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால், உங்கள் ஊர் வெயிலைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஒரு துண்டுத் தாளில் பூசி, மேலே அட்டையை வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அட்டையை விரல் அகலம் நகர்த்துங்கள். அலசிக் காய்ந்ததும் எந்தப் பட்டை ஆழமாக நிற்கிறதோ அதுவே உங்கள் கணக்கு.

முதல் உப்பு 25 கிராம், இரண்டாவது 10 கிராம். தனித்தனியாக 100 மில்லி தண்ணீரில் கரைத்து, பூசும்போது மட்டும் சம அளவில் கலக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஃபெரிசயனைடு பக்கம் வீரியமான அமிலத்தைக் கொண்டுபோகாதீர்கள். வழவழப்பான தாள் கரைசலை உறிஞ்சாது, உதவாது. அலசிய உடனே நீலம் வெளிறியே தெரியும். ஒரு நாள் காற்றுப் பட்டால் கறுக்கும். அதற்குள் பலர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: பள்ளி மாணவன். மரப் பெட்டியில் மூன்று தந்தி கிட்டார் செய்கிறேன். கழுத்தில் குறுக்கே வரும் ஃபிரெட் கம்பிகளை எந்த இடைவெளியில் பதிப்பது? கடையில் விற்கும் கிட்டாரை அளந்து வைத்தால் போதுமா, ஐயா?

பதில்: போதாது, தம்பி. அந்தக் கிட்டாரின் தந்தி நீளமும் உங்களுடையதும் ஒன்றாக இருந்தால்தான் அந்த அளவு பொருந்தும். கணக்கு எளிது. தந்தியின் அதிரும் நீளத்தை 17.817 என்ற எண்ணால் வகுத்தால் முதல் ஃபிரெட் கிடைக்கும். மீதி நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 648 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதலாவது 36.4. மீதி 611.6, அதை வகுத்தால் 34.3. ஆக, இரண்டாவது ஃபிரெட் தொடக்கத்திலிருந்து 70.7இல் வரும். பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 324இல் விழ வேண்டும். விழாவிட்டால் எங்கோ தப்பு.

கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி லூட் வாத்தியத்துக்கு 18 என்றே சொன்னார். மனக்கணக்குக்கு வசதிதான். ஆனால் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு வரும்போது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும், காது கண்டுபிடித்துவிடும்.

ஒவ்வொன்றையும் முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளக்காதீர்கள். பென்சில் கோட்டுக்கும் தடிமன் உண்டு, பிழை சேர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே அளந்து, கூரான கத்தி நுனியால் கீறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையால் தைத்துக் கட்டிய நோட்டுப் புத்தகத்தின் அட்டை, பசை காய்ந்ததும் அப்பளம் மாதிரி வளைந்துகொண்டது. கனத்தை வைத்தும் நிமிரவில்லை.

பதில்: தாளுக்கும் மரத்தைப் போல நார் ஓடும் திசை உண்டு. இயந்திரத்தில் செய்யும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவாக நீளாது, அகலத்தில்தான் உப்பும். அட்டையில் ஒரு திசை, மேலே ஒட்டிய தாளில் வேறு திசை என்றால் இரண்டும் இழுபறிதான்.

சோதிப்பது எளிது. தாளை மடிப்பு விழாமல் மெதுவாக வளைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பிறகு திருப்பி மறுபக்கமாக. ஒரு பக்கம் சொன்னபடி கேட்கும், மறுபக்கம் விறைத்துக்கொண்டு எதிர்க்கும். எளிதாக வளைந்தபோது மடிப்பு எந்த வாட்டத்தில் இருந்ததோ, நார் அந்த வாட்டத்தில் ஓடுகிறது. அட்டை, மேல்தாள், உள்தாள் மூன்றிலும் அது புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். வளைந்துபோனதற்கு உள்பக்கம் இன்னொரு தாளை ஒட்டிப் பாருங்கள். அது எதிர்ப்பக்கம் இழுத்து ஓரளவு நிமிர்த்தும்.

கேள்வி: பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரை வைத்து மரப்பலகையில் மின்னல் வடிவம் சுடுகிறார்களே, எப்படி இணைப்பது?

பதில்: சொல்ல மாட்டேன். அதிலிருந்து வருவது சுமார் 2,000 வோல்ட், உயிரைக் குடிக்கத் தாராளமாகப் போதுமான மின்னோட்டத்தோடு. வீட்டு மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி இதைத் தடுக்காது. டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் பக்கத்தில் நடப்பது அதற்குத் தெரியாது. மரம் கடைவதில் கைதேர்ந்தவர்களும் இதில் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடைசெய்திருக்கிறது. மின்னல் வடிவம்தான் வேண்டுமென்றால் மரத்தில் சுடும் கோலால் வரையுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

கேள்வி: பான டின்னில் ஊசித்துளை கேமரா செய்து, ஆறு மாதம் வெளியே கட்டி வைத்து, சூரியன் போகும் பாதையைப் படமெடுக்க முடியுமாமே?

பதில்: முடியும். கைவேலையில் இதைப் போலச் சோம்பேறிக்கு ஏற்றது வேறில்லை. டின்னின் உள்ளே கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாளை வளைத்து வைத்து, எதிரே 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் துளை. ஊசி முழுவதையும் நுழைக்காதீர்கள், முனை மட்டும் போதும். பிசிறை உப்புத்தாளால் தேயுங்கள். ஜூன் கடைசி வாரம் கட்டி டிசம்பர் கடைசி வாரம் அவிழ்த்தால், சூரியன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்ந்த வில்கள் அத்தனையும் தாளில் இருக்கும்.

டெவலப் செய்யக் கூடாது. நேராக ஸ்கேனரில் வைத்து, கணினியில் நிறத்தைத் தலைகீழாக்க வேண்டும். இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். முதல் தடவை பழக்கதோஷத்தில் முன்னோட்டப் பொத்தானை அழுத்தினேன், கோணல் என்று மறுபடி அழுத்தினேன், மூன்றாவதாகத்தான் ஸ்கேன். ஒவ்வொரு முறையும் அந்த வெளிச்சம் தாளைக் கறுக்கவைத்தது. ஆறு மாத வெயிலின் மெல்லிய கோடுகள் என் அவசரத்தில் மங்கிப்போயின. ஒரே ஒரு முறை, முன்னோட்டம் இல்லாமல்.

கேள்வி: உடைந்த பீங்கான் கோப்பையை எபாக்ஸியும் தங்கநிறப் பொடியும் வைத்து கின்ட்சுகி பாணியில் ஒட்டினேன். அதில் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். பேனா போட்டு வையுங்கள். ஜப்பானிய மரபில் பயன்படுவது உருஷி என்ற மரப்பால். உலர அதற்கு ஈரக்காற்று வேண்டும், காயாதபோது தோலில் பட்டால் கொப்புளிக்கும். அது வேறு உலகம்.

கேள்வி: சரக்கு அடுக்கும் மரப் பலகைகளை (பேலட்) பிரித்து அலமாரி செய்யலாமா?

பதில்: முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது, தொடாதீர்கள். எண்ணெய்க் கறை இருந்தால் எந்த முத்திரையும் செல்லாது.

கேள்வி: துணிப்பையில் செய்த சயனோடைப் அச்சு அருமையாக வந்தது. வீட்டில் யாரோ சலவைத்தூள் போட்டுத் துவைத்துவிட்டார்கள். இப்போது வெறும் வெளிறிய மஞ்சள். தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: பொறுங்கள்! சலவைத்தூளில் உள்ள காரம் நீலத்தைத்தான் சிதைத்தது. இரும்பு அந்த மஞ்சளில்தான் இருக்கிறது. பையை நன்றாக அலசிவிட்டு, பாலில்லாத திடமான தேநீரை ஆறவைத்து அதில் ஊறப்போடுங்கள். தேநீரிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து கரும்பழுப்பு நிறம் தரும். பழைய காலத்து எழுதுமை கறுத்ததும் இதே வினையால்தான். துணியின் வெள்ளைப் பகுதியிலும் கொஞ்சம் தேநீர்க் கறை ஏறும். இலை நரம்புகள் திரும்பி வருகின்றனவா என்று அரை மணிக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.