பெயர் தெரிந்துவிட்டால் அடங்கிவிடுவார்களா?

கேள்வி: நேரில் பரம சாதுவாக இருப்பவர்கள்கூடச் சமூக ஊடகத்தில் முன்பின் தெரியாதவர்களை நாக்கூசாமல் ஏசுகிறார்களே! எல்லாம் போலிப் பெயர் தரும் தைரியம்தானே? அடையாள அட்டை காட்டாமல் கணக்கே தொடங்க முடியாது என்று சட்டம் போட்டால் என்ன?

பதில்: போட்டுப் பார்த்தாயிற்று. பெரிய இணையதளங்களில் எழுதுபவர்களின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று தென்கொரியா 2007-இல் கட்டாயமாக்கியது. எதிர்பார்த்த அளவுக்கு வசவு குறையவில்லை. 2012-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது.

முகமூடிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். இணையத்தில் மனத்தடை தளர்வது ஏன் என்று 2004-இல் எழுதிய உளவியலாளர் ஜான் சூலர் அதையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார். எதிராளியை நாம் பார்ப்பதில்லை என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. நேரில் திட்டும்போது எதிரே இருப்பவர் முகம் சுருங்கினால் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். திரையில் அந்தக் கடிவாளம் கிடையாது. அதனால்தான் சொந்தப் பெயரிலேயே, குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் படத்தோடு வந்து அசிங்கமாக எழுத முடிகிறது.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது கைதட்டல். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டரில் 7,331 பேரின் 1 கோடியே 27 லட்சம் பதிவுகளை அலசி, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆவேசப் பதிவுக்கு லைக்கும் பகிர்வும் கிடைத்தவர்கள் பிறகு இன்னும் ஆவேசமாக எழுதினார்கள். அப்படி மாறுவதில் முன்னால் நின்றவர்கள் அரசியலில் மிதமான வட்டத்தைச் சேர்ந்தவர்கள்! உங்கள் ‘பரம சாது’ எங்கிருந்து வருகிறார் என்று இப்போது புரிகிறதா? (ஆவேசம் எல்லாம் வசவு ஆகிவிடாது. அநீதியைக் கண்டு கொதிப்பவர்கள் வேண்டும். ஆனால் அந்தக் கொதிப்புக்குக் கிடைக்கும் அதே பாராட்டு ஒருவரை அவமானப்படுத்துவதற்கும் கிடைக்கிறது.)

நிறுவனங்களும் யோக்கியமில்லை. எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று கணக்கிடும்போது, கோப முகம் உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு, லைக்கைப்போல 5 மடங்கு மதிப்பை 2017-இல் ஃபேஸ்புக் கொடுத்தது. அப்போது கோபமூட்டும் பதிவு மேலே ஏறாமல் என்ன செய்திருக்கும்? சட்டம் கேட்பதென்றால், எந்தப் பதிவை எதனால் மேலே தள்ளுகிறார்கள் என்பதை வெளியிடச் சொல்லிக் கேளுங்கள்.

ஏசுபவரின் பெயர் வேண்டும் என்கிறீர்கள். அவர் பதிவுக்குக் கீழே ‘சரியான சவுக்கடி’ என்று எழுதி, சிரிப்புக் குறி போட்டவர்களின் பெயர்கள் வரிசையாகவே இருக்கின்றன. உங்களுக்குப் பிடிக்காத ஒருவர் அடி வாங்கிய நாளில், அந்த வரிசையில் உங்கள் பெயர் இருந்ததா?