நகைச்சுவை கலந்த தேவதைக் கதைப் படங்கள் எல்லா வயதினரையும் ஈர்ப்பது ஏன்?

இளவரசி, அரக்கன், மந்திரம் ஆகியவற்றைச் சாகசப் பயணமொன்றில் கோத்து, பழங்கதைகளின் வழக்கமான விதிகளை வேடிக்கையாகப் புரட்டிப்போடும் படங்கள் இவை. அரக்கன் கெட்டவன், இளவரசியை வீரனே மீட்பான் என்ற எதிர்பார்ப்பு சிறுவயதிலேயே மனத்தில் பதிந்துவிடுவதால், அது உடையும் கணத்தில் சிரிப்பு பிறக்கிறது. சிறுவர்கள் துரத்தலையும் தடுமாறி விழுவதையும் கண்டு மகிழ, பெரியவர்கள் வசனத்தில் ஒளிந்திருக்கும் கிண்டலை ரசிக்கிறார்கள். ஒரே கிணற்றில் அவரவர் குடத்துக்கேற்ப நீர் மொள்வதைப் போன்றது இது. 2001இல் வெளிவந்து, சிறந்த முழுநீள அனிமேஷன் படத்துக்கான முதல் ஆஸ்கர் விருதைப் பெற்ற 'ஷ்ரெக்' படத்தில் அரக்கனே நாயகன். இருப்பினும், கதைமாந்தரின் அச்சமும் அன்பும் மெய்யாக இல்லாவிடில் கேலி விரைவில் சலித்துவிடும் என்றே கருதுகிறேன். இத்தகைய படங்கள் பழங்கதைகளை இழிவுபடுத்துகின்றன என்று சிலர் எண்ணுவது சரியன்று. அக்கதைகளை நன்கறிந்தவருக்கே இந்நகைச்சுவை முழுமையாக விளங்கும்.