மானிட்டரில் படம் வருது, சத்தம் எங்கே போச்சு? – கேள்வி பதில்

என் வீட்டில் டிவி கிடையாது. பிளேஸ்டேஷன் 3 காலத்திலிருந்து எல்லா கேம் கன்சோலும் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் மானிட்டரில்தான் ஓடுகின்றன. அதனால் "படம் வருது, சத்தம் வரல" என்ற புலம்பல் எனக்கு ரொம்பப் பழக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். எச்.டி.எம்.ஐ. கேபிளில் படமும் சத்தமும் சேர்ந்துதான் வருகின்றன. பெரும்பாலும் சத்தம் தொலைந்து போவதில்லை. வெளியே வர வாசல் இல்லாமல் எங்கோ நிற்கிறது. எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: புதுசா பி.எஸ். 5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கி 24 இன்ச் மானிட்டரில் மாட்டினேன். படம் அருமை, சத்தம் துளியும் இல்லை. கன்சோல் பழுதா, மானிட்டர் பழுதா அண்ணா?

பதில்: இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் மானிட்டருக்குள் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிவி என்றால் ஸ்பீக்கர் இருந்தே தீரும். மானிட்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, பல மாடல்களில் கிடையாது. இருந்தாலும் 2 வாட் அளவில் ஏதோ முணுமுணுக்கும், அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் இல்லையென்றால் மானிட்டரின் பின்பக்கம் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் ஹெட்போன் படம் போட்ட 3.5 மி.மீ. ஓட்டை இருக்கும். கன்சோலிலிருந்து வரும் சத்தத்தை மானிட்டர் பிரித்தெடுத்து அந்த வழியாகத்தான் வெளியே விடுகிறது. அதில் ஹெட்போனையோ கம்ப்யூட்டர் ஸ்பீக்கரையோ குத்துங்கள், பத்தில் எட்டு பேருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஹெட்செட்டில் இருக்கும் மைக் அங்கே வேலை செய்யாது. அந்த ஓட்டை சத்தத்தை வெளியே அனுப்ப மட்டும்தான்.

அந்த ஓட்டையும் இல்லாத மானிட்டர்கள் உண்டு. அப்போது கன்சோல் பக்கம்தான் வழி தேட வேண்டும். ஹெட்போனை கன்ட்ரோலரில் குத்தலாம். இல்லையென்றால் யு.எஸ்.பி.யில் மாட்டும் சின்ன சவுண்ட் கார்டு ஒன்று வாங்கி கன்சோலிலேயே செருகி, அதிலிருந்து ஸ்பீக்கருக்கு வயர் எடுக்கலாம். பி.எஸ். 4, பி.எஸ். 5, நின்டெண்டோ ஸ்விட்ச் மூன்றும் இதை ஏற்றுக்கொள்ளும். எக்ஸ்பாக்ஸ் ஏற்காது.

கேள்வி: மானிட்டரில் ஜாக் இருக்கு. ஸ்பீக்கரைக் குத்தியும் சத்தம் வரல.

பதில்: எந்த ஓட்டையில் குத்தினீர்கள்? பழைய மானிட்டர்கள் சிலவற்றில் ஒரே மாதிரி இரண்டு ஓட்டை இருக்கும். ஒன்று சத்தம் வெளியே வர, இன்னொன்று உள்ளே போக. வி.ஜி.ஏ. என்ற பழைய மானிட்டர் கேபிளில் சத்தம் வராது என்பதால் கம்ப்யூட்டரிலிருந்து தனி வயர் இழுத்து மாட்டத்தான் அந்த இரண்டாவது. மானிட்டர் சுவரை ஒட்டி இருக்கும், பின்னால் கையை விட்டுத் தடவித் தடவிக் குத்துவோம், கைக்கு முதலில் எது அகப்படுகிறதோ அதில் போய்விடும். நானே ஒரு முழு சாயங்காலத்தை இப்படி வீணாக்கியிருக்கிறேன். போன் கேமராவைப் பின்னால் நீட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள், ஓட்டைக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஓட்டை சரி என்றால், மானிட்டரின் மெனுவைத் திறந்து ஆடியோ பகுதிக்குப் போங்கள். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கலாம், மியூட்டில் இருக்கலாம். இன்னொன்றையும் பாருங்கள்: சத்தம் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்ற தேர்வு சில மானிட்டரில் உண்டு. அது எச்.டி.எம்.ஐ.யில் இல்லாமல் அனலாக் பக்கம் இருந்தால் கன்சோல் எவ்வளவு கத்தினாலும் ஒன்றும் கேட்காது.

கேள்வி: சார், என்னிடம் இருப்பது பழைய டி.வி.ஐ. மானிட்டர். எச்.டி.எம்.ஐ. டு டி.வி.ஐ. கேபிள் போட்டேன். பி.எஸ். 4 முதல் மாடல். படம் ஓகே, சத்தம் இல்லை.

பதில்: இதற்கு ஒரு சின்ன கதை சொல்ல வேண்டும். டி.வி.ஐ. 1999இல் கம்ப்யூட்டர்களுக்காக வந்தது, படத்துக்கு மட்டும். 2002இல் எச்.டி.எம்.ஐ. வந்தபோது படம் அனுப்பும் முறையை டி.வி.ஐ.யிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் நடுவில் எந்தச் சிப்பும் இல்லாத வெறும் கேபிளிலேயே உங்களுக்குப் படம் வருகிறது. எச்.டி.எம்.ஐ.யில் புதிதாகச் சேர்த்தது சத்தம். படத்தின் வரிக்கும் வரிக்கும் நடுவே காலியாகக் கிடக்கும் நேரத்தில் சத்தத்தைத் துண்டு துண்டாகச் சொருகி அனுப்புகிறார்கள். டி.வி.ஐ. மானிட்டருக்கு அதைப் பிரித்தெடுக்கத் தெரியாது.

அதோடு, கேபிளை மாட்டியவுடன் மானிட்டர் தன்னைப் பற்றி கன்சோலிடம் ஒரு சின்ன ஜாதகம் நீட்டும். எந்த ரெசல்யூஷன் தெரியும், சத்தம் வாங்கத் தெரியுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். சத்தம் பற்றி அதில் ஒன்றுமே இல்லையென்றால் கன்சோல் சத்தத்தை அனுப்புவதே இல்லை. ஆகவே வேறு கேபிள் மாற்றிப் பார்ப்பது காசுக்குக் கேடு.

உங்கள் அதிர்ஷ்டம், பி.எஸ். 4 முதல் மாடலில் சத்தத்தை வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிகல் போர்ட் இருக்கிறது. புரோ மாடலிலும் உண்டு, ஸ்லிம்மில் எடுத்துவிட்டார்கள். ஆப்டிகல் கேபிள் ஒன்று, ஆப்டிகலை சாதாரண ஆடியோவாக மாற்றும் தீப்பெட்டி அளவு கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். டி.ஏ.சி. என்று கேட்டால் கொடுப்பார்கள். சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை போதும். மாட்டிய பிறகு செட்டிங்ஸில் சவுண்ட் அண்ட் ஸ்க்ரீன், அதற்குள் ஆடியோ அவுட்புட் செட்டிங்ஸ், அங்கே முதன்மை போர்ட்டை எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஆப்டிகலுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: வி.ஜி.ஏ. மட்டும் இருக்கும் மானிட்டருக்கு?

பதில்: எச்.டி.எம்.ஐ. டு வி.ஜி.ஏ. அடாப்டர் வாங்கும்போது பக்கவாட்டில் 3.5 மி.மீ. ஜாக் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஜாக் இல்லாததும் அதே கடையில் கொஞ்சம் குறைந்த விலைக்குத் தொங்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

கேள்வி: தனி மானிட்டர் இல்லை. லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ.யில் எக்ஸ்பாக்ஸை மாட்டினால் படமும் இல்லை சத்தமும் இல்லை.

பதில்: அந்த போர்ட் வெளியே அனுப்புவதற்கு மட்டும். இரண்டு குழாய் வாயை நேருக்கு நேர் வைத்த கதை. வெளியிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ. படத்தை லேப்டாப்புக்குள் வாங்கும் கேப்சர் கார்டு வேண்டும், அல்லது ஒரே வைஃபையில் கன்சோல் கேமை லேப்டாப்பில் ஓட்டும் ரிமோட் ப்ளே. ஏற்கெனவே கேப்சர் கார்டு வைத்து ஓ.பி.எஸ். என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பார்ப்பவர்களுக்கும் சத்தம் வராது, ஏனென்றால் ஓ.பி.எஸ். அதைப் பதிவு செய்யுமே தவிர தானாக உங்கள் காதுக்குக் கொடுக்காது. அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராபர்ட்டீஸ் திறந்து, கேப்சர் கார்டுக்கு நேரே மானிட்டர் அண்ட் அவுட்புட் என்று மாற்றுங்கள்.

கேள்வி: பி.எஸ். 4 கன்ட்ரோலரில் ஹெட்போன் போட்டால் நண்பன் பேசுவது மட்டும் கேட்குது. கேம் சத்தம் கேட்கல.

பதில்: செட்டிங்ஸ், டிவைசஸ், ஆடியோ டிவைசஸ். அங்கே ஹெட்போனுக்கு என்ன போக வேண்டும் என்று கேட்கும். சாட் ஆடியோ என்று இருப்பதை ஆல் ஆடியோ ஆக்குங்கள்.

கேள்வி: என் ப்ளூடூத் இயர்பட்ஸை நேரடியாக கன்சோலில் இணைக்க முடியாதா ப்ரோ? வயரே பிடிக்கல.

பதில்: ஸ்விட்சில் முடியும். 2021 செப்டம்பர் அப்டேட்டில் அந்த வசதி வந்தது. ஆனால் இயர்பட்ஸ் இணைத்திருக்கும்போது வயர்லெஸ் கன்ட்ரோலர் இரண்டுக்கு மேல் சேராது, மைக்கும் கிடையாது. பி.எஸ். 4, பி.எஸ். 5, எக்ஸ்பாக்ஸ் எதுவும் சாதாரண ப்ளூடூத் ஹெட்போனைச் சேர்த்துக்கொள்ளாது. பிளேஸ்டேஷனுக்கு யு.எஸ்.பி. ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் வாங்கிச் செருகலாம், கன்சோல் அதை ஏதோ யு.எஸ்.பி. ஹெட்செட் என்று நினைத்துக்கொள்ளும்.

ஆனாலும் நான் வயர் கட்சி. சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் வந்து சேர ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பிந்துவது சகஜம். சினிமா பார்க்கும்போது அது அவ்வளவாகத் தெரியாது. சுடும் கேமில் தெரியும்: துப்பாக்கி வெடித்து எதிரி விழுந்த பிறகு "டப்" என்று கேட்கும். ஸ்விட்சில் இன்னொரு சௌகரியம், டாக்கில் (திரையோடு இணைக்கும் தாங்கியில்) இருக்கும்போதே கன்சோலின் மேல்பக்க ஹெட்போன் ஜாக் வேலை செய்யும்.

கேள்வி: சத்தம் வருகிறது, ஆனால் கூடவே "ஊங்ங்" என்று ஒரு இரைச்சல். கேமில் அமைதியான இடம் வந்தால் எரிச்சலாக இருக்கிறது. மேஜையில் கம்ப்யூட்டரும் இருக்கிறது, அதே ஸ்பீக்கர்தான்.

பதில்: கம்ப்யூட்டரும் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள். கன்சோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் வரும் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கினால் ஊங் நிற்கிறதோ அதுதான் ஆள். இதை கிரவுண்ட் லூப் என்பார்கள். இரண்டு கருவிகள் வெவ்வேறு பிளக் பாயிண்டில் எர்த் ஆகி, சிக்னல் வயர் வழியாகவும் ஒன்றோடொன்று சேரும்போது ஒரு வளையம் உருவாகிறது. அந்த வளையத்தில் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஓசை புகுந்து ஸ்பீக்கரில் ஒலிக்கிறது.

மானிட்டர், ஸ்பீக்கர், கம்ப்யூட்டர், கன்சோல் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அதுவே போதும். போதவில்லை என்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன உருளை விற்கிறது. உள்ளே குட்டி டிரான்ஸ்பார்மர்கள் இருக்கும். சத்தத்தை மட்டும் கடத்திவிட்டு, வயரின் நேரடித் தொடர்பை அறுத்துவிடும். ஸ்பீக்கர் வயருக்கு நடுவே மாட்ட வேண்டியதுதான். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். போகும், உண்மைதான். நாளைக்கு உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனால் மானிட்டரின் உலோகப் பகுதியைத் தொடும் கைக்குக் கரண்ட் வரும். வேண்டாம்.

ஊங் இல்லாமல் கிர்ர் என்று, திரையில் படம் மாறும்போது அதுவும் கூடவே மாறினால் அது வேறு. ஸ்பீக்கருக்கு யு.எஸ்.பி. கரண்ட்டை கன்சோலிலிருந்தே எடுக்கிறீர்களா பாருங்கள். பழைய போன் சார்ஜரில் மாட்டினால் அடங்கிவிடும்.

கேள்வி: சவுண்ட்பார் வாங்கலாமா? எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்று போட்டிருக்கிறது.

பதில்: அது ஒன்றுதான் வழி என்றால் வாங்காதீர்கள். ஏ.ஆர்.சி. என்பது டிவியிலிருந்து சத்தத்தை அதே கேபிளில் திருப்பி அனுப்பும் ஏற்பாடு. மானிட்டர்களில் அது கிட்டத்தட்ட கிடையாது. 3.5 மி.மீ. இன்புட் உள்ளதாகப் பாருங்கள். மானிட்டருக்கு ஒரு ஜோடி நல்ல மேஜை ஸ்பீக்கரே போதும் என்பது என் கட்சி. இரண்டு அடி தூரத்தில் உட்காருகிறவருக்கு சவுண்ட்பார் எதற்கு?

கேள்வி: எச்.டி.எம்.ஐ.யிலிருந்து சத்தத்தைத் தனியாகப் பிரிக்கும் பெட்டி, அதாவது ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் போட்டேன். சத்தம் வந்தது, ஆனால் பி.எஸ். 5இல் 4கே 120 ஹெர்ட்ஸ் காணாமல் போய்விட்டது.

பதில்: படமும் இப்போது அந்தப் பெட்டி வழியாகத்தானே போகிறது. எச்.டி.எம்.ஐ. 2.0 பெட்டி என்றால் அதன் எல்லை நொடிக்கு 18 ஜிகாபிட், 4கே 60 ஹெர்ட்ஸோடு சரி. 120 வேண்டுமென்றால் 2.1 பெட்டி வாங்க வேண்டும், விலை எங்கோ போகும். உங்கள் மானிட்டரில் ஹெட்போன் ஜாக் இருந்தால் எக்ஸ்ட்ராக்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பெட்டியின் பக்கத்தில் நகம் அளவு ஒரு சுவிட்ச் இருக்கும்: பாஸ், 2 சேனல், 5.1. ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்கு பாஸில் வைத்தால், மானிட்டரின் அந்த ஜாதகம் அப்படியே கன்சோலுக்குப் போய் "சத்தம் வேண்டாம்" என்று சொல்லிவிடும். 2 சேனலில் தள்ளி வையுங்கள். பெட்டி தன் பெயரில் சத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் ஒன், நேற்று வரை சத்தம் வந்தது. செட்டிங்ஸில் எதையோ நோண்டினேன், போச்சு.

பதில்: வீடியோ ஃபிடெலிட்டி பக்கத்தில் டிஸ்ப்ளேவை எச்.டி.எம்.ஐ. என்றோ டி.வி.ஐ. என்றோ கட்டாயப்படுத்தும் தேர்வு இருக்கிறது. டி.வி.ஐ. என்று வைத்திருப்பீர்கள். மாற்றுங்கள். அப்படியே ஆடியோ அவுட்புட் பக்கம் போய் எச்.டி.எம்.ஐ. ஆடியோ ஸ்டீரியோவில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

கேள்வி: சார், பழைய டி.வி.ஐ. மானிட்டர் கேட்டவன்தான். ஆப்டிகல், டி.ஏ.சி. எல்லாம் வாங்கி மாட்டிவிட்டேன். சில நேரம் ஒன்றுமே இல்லை, சில நேரம் புஸ்ஸென்று மட்டும் வருகிறது.

பதில்: புஸ் என்பது பெரும்பாலும் டால்பி அல்லது டி.டி.எஸ். முறையில் சுருக்கி அனுப்பும் சிக்னல். அந்தச் சின்னப் பெட்டிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. அதே ஆடியோ செட்டிங்ஸில் ஆடியோ ஃபார்மேட்டை லீனியர் பி.சி.எம். ஆக்குங்கள். புஸ் போய்விடும்.

ஒன்றுமே இல்லாத நேரத்துக்கு: கேபிளை பி.எஸ். 4 பக்கம் மட்டும் மாட்டி, மறுமுனையைப் பாருங்கள். சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரிந்தால் கன்சோல் சரி, டி.ஏ.சி.க்குக் கரண்ட் ஒழுங்காக வருகிறதா பாருங்கள். மங்கலாகத் தெரிந்தாலோ, கேபிள் டக் என்று உட்காராமல் லொடலொடவென்று இருந்தாலோ, இரண்டு முனையிலும் இருக்கும் அந்தக் கண்ணாடி மாதிரி குட்டி பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா?