வாசகர் கேள்வி: போலீஸே இல்லாமல் ஒரு நகரமா?

கேள்வி: என் மகள் கலிஃபோர்னியாவில் லேக்வுட் என்ற ஊரில் இருக்கிறாள். அங்கே மேயர், நகர மன்றம் எல்லாம் உண்டு. ஆனால் ரோந்து வருவது லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஷெரீஃபின், அதாவது கவுண்டிக் காவல் தலைவரின், கார், நூலகமும் கவுண்டியுடையது. சொந்தமாகப் போலீஸ்கூட இல்லாததை எப்படி நகரம் என்கிறார்கள்?
- வாசகி, திருச்சி

பதில்: சொந்தப் போலீஸ் வேண்டாம் என்று தீர்மானித்துத்தான் அந்த ஊர் நகரமே ஆனது. 1949-இல் லூயி போயர், மார்க் டேப்பர், பென் வைன்கார்ட் என்ற மூன்று பேர் ஏறக்குறைய 3,500 ஏக்கர் விளைநிலத்தை வாங்கி, மூன்றே வருடத்தில் 17,500 வீடுகளைக் கட்டி முடித்தார்கள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக்கடன் கிடைத்தது, பக்கத்து லாங் பீச்சில் டக்ளஸ் விமானத் தொழிற்சாலையில் வேலை இருந்தது, சனம் வந்து குவிந்தது.

அப்புறம்தான் தகராறு. லாங் பீச் நகரம் லேக்வுட்டைத் துண்டு துண்டாகத் தன்னோடு இணைக்கத் தொடங்கியது. தனி நகரமாகிவிட்டால் தப்பிக்கலாம், ஆனால் போலீஸ், சாலை, கட்டட ஆய்வு என்று எல்லாத் துறையையும் புதிதாக அமைக்கப் பணம் ஏது? ஜான் டாட் என்ற உள்ளூர் வக்கீல் ஒரு வழி சொன்னார்: முடிவெடுக்கும் அதிகாரம் நமக்கு, வேலையைக் கவுண்டியிடம் ஒப்பந்தத்துக்கு விட்டுவிடலாம். 1954-இல் மக்கள் வாக்களித்து நகரமானார்கள். ஷெரீஃப் காவலுக்கு நகரம் காசு கொடுக்கிறது, பிடிக்காவிட்டால் ஒப்பந்தத்தை விட்டு விலகலாம். பூங்காக்களைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இதற்கு 'லேக்வுட் திட்டம்' என்றே பெயர் வந்துவிட்டது, அக்கம்பக்கத்து ஊர்களும் வரிசையாகப் பின்பற்றின. 1956-இல் பால்பண்ணைக்காரர்கள் தங்கள் நிலத்தை வீட்டுமனைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற 'டெய்ரி வேலி' என்று ஒரு நகரத்தையே உண்டாக்கினார்கள், அதுதான் இன்றைய செரிட்டோஸ். உங்கள் மகள் நம் ஊர் மளிகைக்குப் போகக்கூடிய ஆர்ட்டீசியாவுக்கும் இதே ஏற்பாடுதான், காவலும் லேக்வுட் ஷெரீஃப் நிலையத்திலிருந்தே.

நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த 17,500 வீடுகள் கறுப்பினத்தவருக்கு விற்கப்படவில்லை. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற அதிகாரம் கைக்கு வந்தால் யார் வந்து குடியேறலாம் என்பதும் பாதி தீர்மானமாகிவிடுகிறது, அதற்காகவே நகரமாக விரும்பிய ஊர்களும் அந்தக் காலத்தில் இருந்தன. இன்று லேக்வுட் தெருக்களில் எல்லா இனத்தவரும் வாழ்கிறார்கள் என்றாலும், அந்த வரலாற்றையும் சேர்த்துத்தான் அந்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: அங்கே மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்கிறாளே, நிஜமா?
- அதே வாசகி

பதில்: நிஜம்தான். மன்றத்தில் ஐந்தே உறுப்பினர்கள், அவர்களே வருடத்துக்கு ஒருவரை மேயராக்குவார்கள். அன்றாட நிர்வாகம் மன்றம் நியமிக்கும் நகர மேலாளர் கையில். மன்றக் கூட்டம் பொதுவில்தான் நடக்க வேண்டும் என்று 1953-லேயே மாநிலத்தில் பிரவுன் சட்டம் வந்துவிட்டது, உள்ளே போய் உட்கார யாரும் பெயரைக்கூட எழுதித் தர வேண்டியதில்லை. அடுத்த தடவை போகும்போது மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.