லூபஸ் ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது? கேள்வி பதில்

லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய். அந்த எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் புரதம்தான் ஆன்டிபாடி. பாளையங்கோட்டையில் ஒரு ஆய்வகத்தில் 22 வருடமாக ஆன்டிபாடி பரிசோதனைகள் செய்கிறேன். டாக்டர் இல்லை. ரிப்போர்ட்டைப் புரியவைக்க முடியும். மாத்திரை அளவை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டவர்களின் ஊர்ப் பெயரை மட்டும் போட்டு, கீழே என் பதிலைத் தந்திருக்கிறேன்.

தென்காசி: அக்கா, இரண்டு வருடம் மருந்து சாப்பிட்டும் ஏஎன்ஏ பாசிட்டிவ். நோய் குறையலையா?

ஏஎன்ஏ என்பது நம் செல்லின் உட்கருவைக் குறிவைக்கும் ஆன்டிபாடி. நோயைக் கண்டுபிடிக்க உதவும். நோய் ஏறியதா இறங்கியதா என்று சொல்லாது. நோய் நன்றாக அடங்கியவர்களுக்கும் பாசிட்டிவாகவே நிற்கும். அதையே திரும்பத் திரும்ப எடுத்துக் காசை விடாதீர்கள்.

வள்ளியூர்: என் மனைவிக்கு டிஎஸ்டிஎன்ஏ 80இலிருந்து 240 ஆகிவிட்டது. டாக்டர் ஸ்டீராய்டைக் கூட்டவில்லை. இது சரியா?

அண்ணாச்சி, டிஎஸ்டிஎன்ஏ என்பது நம் டிஎன்ஏவையே குறிவைக்கும் ஆன்டிபாடி. இரண்டு தடவையும் ஒரே லேபா? ஒரே முறையா? எலைசா கிட் (ஆன்டிபாடியை அளக்கும் பரிசோதனைப் பெட்டி) மாறினாலே எண் மாறும். ஒரே இடத்தில் எடுத்ததை மட்டும்தான் ஒப்பிட முடியும்.

வள்ளியூர்: ஒரே லேப்தான். மூன்று மடங்கு ஏறியதைச் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்கிறீர்களா?

சும்மா இருக்கச் சொல்லவில்லை. இந்த ஆன்டிபாடி சிறுநீரக வடிகட்டியில் படியும்போது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்திக்குத் துணைபோகும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் செலவாகும். அதனால் அந்தப் புரதங்களான சி3, சி4 இறங்கும். வடிகட்டி பழுதானால் யூரினில் புரதம் ஒழுகும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும். டிஎஸ்டிஎன்ஏ வருடக்கணக்கில் உயர்ந்தே இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் உண்டு. சிலருக்கு நோய் சீறும் நேரத்தில் அந்த எண் இறங்கியும் போகும். எண்ணுக்காக மட்டும் ஸ்டீராய்டைக் கூட்டினால் சர்க்கரை, எலும்புத் தேய்மானம், தொற்று எல்லாம் வரும். சி3 எவ்வளவு? யூரின் பார்த்தீர்களா?

அம்பாசமுத்திரம்: எனக்கும் ஏஎன்ஏ 1:320. நடவுக்குப் போகலாமா?

ஏஎன்ஏ பற்றி மேலே சொல்லிவிட்டேன். லூபஸ் என்று டாக்டர் சொல்லியிருந்தால் உச்சி வெயிலில் வயலில் நிற்காதீர்கள், வெயிலே நோயைக் கிளப்பும். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலையிலேயே வேலையை முடிப்பது நல்லது.

திசையன்விளை: மருமகளுக்கு ஆன்டி-ரோ பாசிட்டிவ், நான்கு மாதக் கர்ப்பம். பிள்ளைக்கு ஆபத்தா?

ஆன்டி-ரோ தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகக்கூடிய ஆன்டிபாடி. ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கும். நூற்றில் இரண்டு பேர் அளவுக்குக் கருவிலேயே இதயத் துடிப்பு தடைப்படலாம். அதனால் இப்போதே மகப்பேறு டாக்டரிடம் சொல்லிக் குழந்தையின் இதயத்துக்கு எக்கோ (ஸ்கேன்) பார்க்கக் கேளுங்கள். லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பத்திலும் தொடரும் மருந்து அது.

சேரன்மகாதேவி: காய்ச்சல், சிஆர்பி 90. லூபஸ் ஏறிவிட்டதா?

ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள். லூபஸில் ஈஎஸ்ஆர் ஏறினாலும் சிஆர்பி பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. தொற்றா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

களக்காடு: ஏஎன்ஏ நெகட்டிவ் ஆக என்ன சாப்பிடலாம்?

மூன்றாவது தடவை இதே கேள்வி. நெகட்டிவ் ஆக்க வேண்டிய தேவையே இல்லை. பெயர் ஒட்டாத பொடி எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

வள்ளியூர்: யூரினில் புரதம் இல்லை. சி3 68, போன தடவை 105.

அப்படியானால் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, அண்ணாச்சி. டிஎஸ்டிஎன்ஏ ஏறி, சி3யும் இறங்கியிருக்கிறது. சிறுநீரகம் இன்னும் தப்பித்திருக்கிறது. அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள், யூரினை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்றும் கேட்டு வாருங்கள். அதுவரை மதினிக்குக் காலையில் முகமோ காலோ வீங்குகிறதா, யூரின் நுரைக்கிறதா என்று கவனியுங்கள். நுரைத்தால் அன்றைக்கே போங்கள். ஸ்டீராய்டை நீங்களாகக் கூட்ட வேண்டாம்.