யானைமேல் துஞ்சிய இளவரசர்

கேள்வி: சோழ இளவரசர் இராஜாதித்தர், இராஷ்டிரகூடரோடு நடந்த தக்கோலப் போரில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார் என்று படித்தேன். இது உண்மையா? முடிசூடாமலே இறந்த அவரைப் பற்றி வேறு என்ன தெரிகிறது?
– ஒரு வாசகர், அரக்கோணம்

பதில்: அந்த வஞ்சகக் குற்றச்சாட்டு ஒரு கல்வெட்டு வரியைப் படித்த விதத்தால் வந்தது. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்து, இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் கன்னட நடுகல் ஒன்று, இராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணரின் பக்கம் நின்ற கங்க அரசர் பூதுகர் இராஜாதித்தரைக் கொன்றதைக் கூறுகிறது. அதை ஆராய்ந்த கல்வெட்டறிஞர் பிளீட், தழுவுவதுபோல் நெருங்கி வஞ்சகமாகக் குத்தினார் என்று பொருள் கொண்டார். பின்வந்த அறிஞர்கள் அந்தப் பொருளைக் கைவிட்டு, யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிக் குத்துவாளால் கொன்றார் என்றே அத்தொடரைப் படித்தார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அந்த நடுகல் உண்மையில் இராஜாதித்தருக்காகவோ பூதுகருக்காகவோ நடப்பட்டதன்று. தக்கோலத்தில் தீரமாகப் போரிட்ட மணலேரன் என்ற வீரனிடம் பூதுகர் மகிழ்ந்து, என்ன வேண்டும் என்று கேட்க, அவன் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோத, இரண்டும் மாண்டன. காளியின் நினைவாகக் கோயிலின் முன் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணும் பூசகரை நாய் செய்த பாவம் சேரும் என்றும் பொறித்தார்கள். ஒரு சோழ இளவரசரின் கடைசிக் கணம் ஒரு நாயின் நினைவுக்கல்லில் இடம்பெற்றதை எண்ணும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

சோழர் தரப்பு வேறுவிதமாகச் சொல்கிறது. போர் நடந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுதப்பட்ட ஆனைமங்கலச் செப்பேடுகள், யானைமேல் வீற்றிருந்தபடியே கூரிய அம்புகளால் நெஞ்சு பிளந்து அவர் வீரசுவர்க்கம் புகுந்தார் என்கின்றன. 'யானைமேல் துஞ்சினார்' (யானைமேல் இறந்தவர்) என்ற பெயர் அவருக்கு நிலைத்ததும் இதனால்தான். அம்பா, குத்துவாளா என்பதில், போர் நடந்த 949–50ஆம் ஆண்டை ஒட்டியே எழுந்த ஆதகூர்க் கல்லையே நான் கூடுதலாக நம்புவேன். அவர் யானைமீதே உயிர்விட்டார் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை.

வாழ்க்கையைப் பற்றிக் கிடைப்பவை குறைவு. முதலாம் பராந்தகரின் மகன், தாய் கோக்கிழானடிகள். பாணர், வைதும்பர் என்ற வடபகுதிச் சிற்றரசர்களைப் பராந்தகர் வென்றபின் வடக்கிலிருந்து இராஷ்டிரகூடர் இறங்கக்கூடும் என்ற அச்சம் வலுத்ததால், பட்டத்து இளவரசர் யானைப்படை குதிரைப்படைகளோடு திருமுனைப்பாடி நாட்டில் (இன்றைய கடலூர், விழுப்புரம் பகுதி) தங்கினார். திருநாவலூர்க் கல்வெட்டுகளில் அவர் பரிவாரத்தினரின் கொடைகளைக் காணலாம். அவருடைய படைத்தலைவரான மலைநாட்டு வெள்ளன் குமரன், பெண்ணையாற்றங்கரையில் உள்ள கிராமம் என்ற ஊரில் சிவன் கோயிலைக் கற்றளியாக்கி, கலியுகத்தின் 14,77,037ஆம் நாள் என்று நாட்கணக்கோடு பொறித்துவைத்தார். அது 943ஆம் ஆண்டு. ஆறாண்டுகளில் இளவரசர் தக்கோலத்தில் வீழ்ந்தார். தொண்டை மண்டலம் கைநழுவியது. அரியணை தம்பி கண்டராதித்தருக்குச் சென்றது.

ஆனால் அவர் எத்தகைய மனிதர் என்பதை உணர்த்துவது, என்னைப் பொறுத்தவரை, திருவொற்றியூரில் உள்ள ஒரு கல்வெட்டே. கேரளத்தில் பிறந்து, கலைகள் கற்று, சோழநாடு வந்து இராஜாதித்தரின் நெருங்கிய துணைவரான ஒருவர், போர்க்களத்தில் அவரோடு சேர்ந்து இறக்க வாய்க்காமல் போனது தம் பிறப்புக்கும் குலத்துக்கும் தகாதது என்று மனம் நொந்து உலகைத் துறந்தார், கங்கையில் நீராடினார், திருவொற்றியூர் வந்து நிரஞ்சன குருவிடம் துறவு பெற்றுச் சதுரானன பண்டிதர் ஆனார். அந்தப் படைத்தலைவர் வெள்ளன் குமரனே இவர் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. போர் முடிந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆனபின், தாம் பிறந்த அவிட்ட நாளில் இறைவனுக்குத் திருமஞ்சனம் நடக்கப் பொன் கொடுத்தபோதுகூட, அந்தக் கொடைக் கல்வெட்டில் தம் இளவரசரின் மரணத்தையும் தாம் உடனில்லாததையும் எழுதச் செய்தார்.